கூலிங் டவரில் வீசும் சூட்டைப் பாய்லரில் மறுபடி வாங்குவானேன்? மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பெரிய தனியார் மற்றும் அறக்கட்டளை மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனைகளின் குளிரூட்டல், காற்றோட்டம், வெந்நீர் அமைப்புகளைப் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ ஒரு கட்டடத்தில் சூடேற்றுவதற்கென்று பெருஞ்செலவு இருக்கும் என்று உங்களில் பலர் நினைத்திருக்க மாட்டீர்கள். நிர்வாகக் கூட்டத்தில் மின்கட்டணம் பற்றிப் பேச்சு வந்தால் ஏ.சி. என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. டீசல் செலவோ ஜெனரேட்டர் கணக்கில் கலந்துவிடுகிறது. ஆனால் உங்கள் கட்டடத்தில் இரண்டு இடங்களில், ஆண்டு முழுவதும், இரவும் பகலும் சூடேற்றும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒன்று, அறுவை அரங்குகளுக்குக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் எந்திரமான ஏ.எச்.யூ.வுக்குள் இருக்கும் மின் ஹீட்டர். மற்றொன்று, குளியலறைக்கும் சமையலறைக்கும் சலவைக்கும் வெந்நீர் தரும் பாய்லர். இவ்விரண்டும் சேர்ந்து உண்டாக்கும் சூட்டைப் போலப் பல மடங்கு சூட்டை, அதே நேரத்தில், அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கும் கூலிங் டவர் வானத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. கூரையில் விழும் மழைநீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுவது போன்ற காரியம் இது. வீசும் சூட்டையும் வாங்கும் சூட்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அறுவை அரங்கில் ஹீட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.-இன் வழிகாட்டுதலின்படி அரங்கின் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி, மூன்று டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும், அதில் குறைந்தது 4 முறை வெளிக்காற்றாக இருக்க வேண்டும். கடலோரக் காற்றின் ஈரத்தைப் பிரிப்பதற்கு நம் ஏ.எச்.யூ.க்கள் அறிந்த வழி, குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருளான காயிலின் மேல் காற்றை ஓடவிட்டு நீரை வடித்துவிடுவதுதான். காற்றை ஏறத்தாழ 11 டிகிரி வரை இறக்கி ஈரத்தைப் பிரித்தால்தான் அதே காற்று 21 டிகிரிக்கு வரும்போது ஈரப்பதம் 53 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஆனால் 11 டிகிரிக் காற்றை மணிக்கு 20 முறை அரங்குக்குள் அப்படியே செலுத்தினால், உள்ளே இருப்பவர்களும் விளக்குகளும் கருவிகளும் தரும் சூடு போதாமல் அறை 17 டிகிரிக்கும் கீழே போய்விடும். ஆகவே காயிலைத் தாண்டிய காற்றை மின் ஹீட்டரைக் கொண்டு மறுபடி சூடாக்கி அனுப்புகிறோம். முதலில் குளிர்விப்பதற்குக் காசு, பிறகு அந்தக் குளிரைக் கெடுப்பதற்குக் காசு, கெடுத்த சூடு திரும்பக் காயிலுக்கே வரும்போது அதை வெளியேற்ற மூன்றாவது முறையாகவும் காசு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அரங்குக்கு மணிக்கு 20 காற்று மாற்றம் என்றால் 2,160 கனமீட்டர் காற்று. அதை ஒரு டிகிரி சூடாக்க 0.7 கிலோவாட் போல வேண்டும். சராசரியாக ஐந்து டிகிரி என்று வைத்துக்கொண்டால் 3.6 கிலோவாட். எட்டு அரங்குகள் உள்ள மருத்துவமனையில் இது 29 கிலோவாட். பல இடங்களில் நடப்பதுபோல் நாள் முழுவதும் ஓடவிட்டால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று கொண்டால் 22 லட்சம் ரூபாய். அந்தச் சூட்டைத் திரும்ப வெளியேற்ற, கட்டடத்துக்குக் குளிர்நீர் தயாரிக்கும் சில்லரும் பம்புகளும் இழுப்பது இதற்கு மேல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் அரங்கின் அளவும் கட்டண வகையும் வேறாக இருந்தால் எண் மாறும். ஆனால் இந்தச் செலவுக்கென்று ஒரு வரிகூட உங்கள் மாத அறிக்கையில் இருக்காது என்பதை உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் ஹீட்டருக்குத் தனி மீட்டர் வைத்த மருத்துவமனைகள் மிகவும் அரிது.

இதில் மிகவும் வருத்தத்துக்குரியது இரவு நேரம். அறுவை இல்லாத அரங்கில் விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. எனவே காற்றைச் சூடாக்கும் முழுப் பொறுப்பும் ஹீட்டரின் தலையில் விழுகிறது. யாருமே இல்லாத அறைக்குத்தான் அது அதிகமாக உழைக்கிறது. அரங்கின் ஏ.எச்.யூ.வை இரவில் நிறுத்தக் கூடாது என்பது சரியான விதி, ஏனெனில் அரங்கின் காற்றழுத்தம் வெளி வராந்தாவைவிடச் சற்றுக் கூடுதலாகவே எப்போதும் இருந்தாக வேண்டும். ஆனால் அதே என்.ஏ.பி.எச். வழிகாட்டுதல், அறுவை நடக்காத நேரங்களில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாமலே விசிறியை ஓட்டலாம் என்றும், அழுத்த வேறுபாடு குலையாத வரையில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி.யைக் கொண்டு காற்று மாற்றத்தை முழு அளவில் 25 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. இந்தப் பகுதியைப் படித்த நிர்வாகிகளை நான் அதிகம் சந்தித்ததில்லை. விசிறியின் மின்தேவை அதன் வேகத்தின் மும்மடிப்படி மாறுவதால், காற்றைப் பாதியாக்கினாலே விசிறி மோட்டார் இழுப்பது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஹீட்டரின் செலவும் சில்லரின் சுமையும் கூடவே இறங்கும். அவசர அறுவைக்கென்று ஓர் அரங்கை மட்டும் முழு நிலையில் வைத்திருந்தால் மருத்துவர்களுக்கும் கவலை இல்லை.

நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் எல்லா அரங்குகளின் ஏ.எச்.யூ.க்களிலும் வி.எஃப்.டி. பொருத்தப்பட்டிருந்தது. ஏ.எச்.யூ. அறைக் கதவைத் திறந்தால் வரிசையாகத் தெரியும் சிறிய திரைகள் அனைத்திலும் 50.00 ஹெர்ட்ஸ் என்ற ஒரே எண்; அதாவது நேராக மெயினில் இணைத்திருந்தால் மோட்டார் எந்த வேகத்தில் ஓடுமோ அதே வேகம். வேகத்தைக் குறைப்பதற்கென்றே வாங்கிய கருவி, பொருத்திய நாள் முதல் ஒரு ஹெர்ட்ஸ்கூடக் குறைந்ததில்லை. ஷிஃப்ட் டெக்னீஷியனைக் கேட்டபோது, தாழ்த்திவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் சார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. எத்தனை மணிக்குத் தாழ்த்துவது, எத்தனை ஹெர்ட்ஸ் வரை, அழுத்தம் எத்தனை பாஸ்கலுக்குக் குறைந்தால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுத்து, தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கையொப்பத்தையும் பெற்றுத் தர வேண்டியவர்கள் நீங்கள்.

அறுவை மருத்துவர்கள் 18 டிகிரி கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. மேலங்கிக்கு மேல் மேலங்கி அணிந்து மணிக்கணக்கில் நிற்பவர்கள் குளிர்ச்சியைக் கேட்பதில் குறை காண முடியாது. ஆனால் 11 டிகிரி வரை இறக்கி ஈரம் பிரித்த அதே காற்று 18 டிகிரியில் 64 சதவீத ஈரப்பதத்தைக் காட்டும், வரம்பைத் தாண்டிவிடும். செட் பாயின்டை, அதாவது அரங்குக்கு வைக்கும் வெப்பநிலையை, குறைக்கக் குறைக்க ஈரம் ஏறுகிறது, ஈரத்தைக் குறைக்கச் சில்லரின் நீரை இன்னும் குளிராக்கச் சொல்கிறார்கள், அதனால் கட்டடம் முழுவதற்குமான சில்லரின் திறன் கெடுகிறது. அரங்குகளுக்கு மட்டும் தனியாகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஓடும் சிறு சில்லர் ஒன்றை வைத்துக்கொண்டு, வார்டுகளுக்கும் புறநோயாளர் பிரிவுக்கும் செல்லும் நீரை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தி ஓட்டுவது இதைவிட எவ்வளவோ மேல்.

மறுசூட்டுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி. 11 டிகிரிக் காற்றை 16 டிகிரிக்கு ஏற்றக் கொதிநீர் வேண்டியதில்லை. சில்லரிலிருந்து கூலிங் டவருக்குப் போகும் நீரே 35 டிகிரியில் இருக்கிறது. அந்த நீரை இடையில் ஒரு வெப்பப் பரிமாற்றி வழியாக மடக்கி, ஹீட்டர் இருக்கும் இடத்தில் ஒரு சிறு காயிலை வைத்துவிட்டால், டவரில் வீணாகும் சூடு அரங்கின் காற்றைச் சூடாக்கும். செலவு ஒரு சிறு பம்பு ஓடுவது மட்டுமே. பைப் இழுக்க வழியில்லாத பழைய கட்டடங்களில் ஹீட் பைப் காயில் பொருத்தலாம்: குளிர் காயிலுக்கு முன்னால் வரும் காற்றின் சூட்டை எடுத்து, காயிலைத் தாண்டிய காற்றுக்கு அதுவே கொடுத்துவிடும். வரும் காற்று முன்னதாகவே சற்றுக் குளிர்ந்துவிடுவதால் சில்லருக்கும் சுமை குறையும். விசிறிக்குக் கூடுதல் எதிர்ப்பு உண்டாகும் என்ற குறை இதில் உண்டு. அதையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இனி வெந்நீர். 300 டன் சில்லர் ஒன்று முழுச் சுமையில் ஓடும்போது கட்டடத்திலிருந்து எடுக்கும் சூடும் கம்ப்ரஸரின் சூடும் சேர்ந்து ஏறத்தாழ 1,230 கிலோவாட் டவர் வழியே வெளியேறுகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 35 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் போதும். அப்படியானால் அந்தச் சில்லர் ஒரு மணி நேரத்தில் வீசும் வெப்பம், அளவில் மட்டும் பார்த்தால், 35 ஆயிரம் லிட்டர் வெந்நீருக்குச் சமம். நடுத்தர மருத்துவமனை ஒன்று நாள் முழுவதும் செலவழிப்பதைவிட இது அதிகம் என்றே நினைக்கிறேன். 35 டிகிரி நீரை 60 டிகிரி நீராக ஏற்றுவதுதான் மீதி வேலை. அதைச் செய்யும் எந்திரத்துக்கு ஹீட் பம்ப் என்று பெயர்.

ஒரு நாளைக்கு 20 ஆயிரம் லிட்டர் வெந்நீர் வேண்டும் என்று கொள்வோம். அதற்கு 700 யூனிட் வெப்பம். டீசல் பாய்லரில் இதைச் செய்தால், எரியும் டீசலின் வெப்பத்தில் 80 சதவீதத்துக்குச் சற்று மேல் நீருக்குச் சேரும் என்ற கணக்கில் 85 லிட்டருக்கும் மேல் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் நாளைக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு அருகில். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் அதே வேலையை 200 யூனிட்டில், அதாவது 1,800 ரூபாயில் முடித்துவிடும். வித்தியாசம் ஆண்டுக்கு 22 லட்சம் ரூபாய். கட்டடத்தைக் குளிர்வித்துவிட்டுச் சில்லருக்குத் திரும்பும் நீரிலிருந்தே அந்த ஹீட் பம்ப் வெப்பத்தை எடுத்தால், அது எடுக்கும் 500 யூனிட் வெப்பம் உங்களுக்கு இலவசக் குளிர்ச்சி. சில்லரும் டவரும் அந்த அளவுக்கு ஓய்வு பெறும். டவரில் ஆவியாகும் தண்ணீரும் நாளைக்கு 700 லிட்டர் போலக் குறையும். மேலே சொன்ன 300 டன் சில்லர் முழுச் சுமையில் மணிக்கு 1,800 லிட்டர் தண்ணீரை ஆவியாக்குகிறது என்பதையும், 12 ஆயிரம் லிட்டர் லாரி ஒன்று ஏழு மணி நேரம்கூடத் தாங்காது என்பதையும் நினைவில் கொண்டால், 2019 கோடையைச் சென்னையில் கடந்த எவருக்கும் இது சிறிய செய்தியாகப் படாது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவுகளுக்கு 121 அல்லது 134 டிகிரி நீராவி தேவை. அதற்கு ஹீட் பம்ப் உதவாது, சிறிய நீராவி எந்திரம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். வெந்நீரை 45 டிகிரியில் தேக்கி வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிமோனியாவை உண்டாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா அந்த வெப்பத்தில் பெருகும். தொட்டியில் 60 டிகிரியும், கட்டடத்தைச் சுற்றித் திரும்பும் குழாயில் 50 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். இன்னொன்று, வெந்நீருக்காக முழுச் சில்லரையும் உயர்ந்த வெப்பநிலையில் ஓட்டும் வடிவமைப்பை ஏற்க வேண்டாம். சில்லர் சூட்டை வெளியேற்றும் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அதன் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் ஏறும். ஒரு பங்கு வெந்நீருக்காகப் பத்துப் பங்கு குளிர்ச்சியின் திறனைக் கெடுப்பதாக முடியும். வெந்நீர்த் தேவைக்கு அளவான சிறு ஹீட் பம்ப் ஒன்றை நாள் முழுவதும் ஓட்டி, பெரிய தொட்டியில் சேர்த்து வைப்பதே சரியான முறை.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் நடக்கவில்லை என்று யோசித்தால், காரணம் பொறியியலில் இல்லை, உங்கள் ஒப்பந்தங்களில் இருக்கிறது. புதிய கட்டடத்தின் சில்லர், ஏ.எச்.யூ., டக்ட் எல்லாம் ஏ.சி. ஆலோசகரின் வரைபடத்தில் வருகின்றன. வெந்நீர் பிளம்பிங் ஆலோசகரின் வரைபடத்தில் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனி டெண்டர், தனித்தனி ஒப்பந்ததாரர், தனித்தனி பில். கூலிங் டவரும் பாய்லர் அறையும் நாற்பது அடி இடைவெளியில் இருந்தாலும் அவற்றை ஒரே தாளில் வரைந்து பார்த்தவர் யாரும் இருப்பதில்லை. பிறகு கட்டடத்தை ஏற்றுக்கொள்ளும் பராமரிப்புத் துறை, இருப்பதை ஓட்டத்தான் முடியும். குழாயை மாற்றச் சொன்னால் மூலதனச் செலவு என்று கோப்பு திரும்பி வருகிறது. கொள்முதல் குழுவோ, வாங்கும் விலையில் குறைந்தவருக்கே ஆர்டர் என்ற பழக்கத்திலிருந்து இறங்கி வருவதில்லை. இருபது ஆண்டு ஓடும் சில்லர் ஒன்று தன் விலையைப் போலப் பல மடங்கு மின்சாரத்தைத் தின்னும் என்பது அந்தக் குழுவின் ஒப்பீட்டுத் தாளில் ஒரு பத்தியாகக்கூட இடம்பெறுவதில்லை.

விதி இல்லாமலும் இல்லை. எரிசக்தித் திறன் செயலகம் 2007-இல் வெளியிட்ட கட்டட எரிசக்தி விதித்தொகுப்பும், 2017-இல் அதைத் திருத்தி வெளியிட்டதும் மருத்துவமனைகளை வணிகக் கட்டடங்களாகவே கொண்டன. 2017 தொகுப்பின்படி ஹோட்டல்களும் மருத்துவமனைகளும் வெந்நீர்த் திறனில் குறைந்தது 20 சதவீதத்தை, 20 ஆயிரம் சதுரமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடமானால் 40 சதவீதத்தை, சூரிய வெப்பத்தில் பெற வேண்டும் என்று இருந்தது. வீணாகும் வெப்பத்தை மீட்டு அதே அளவைப் பெற்றால் அதற்கு விலக்கும் இருந்தது. உப்புத் தண்ணீர் படிந்து அடைத்துப்போன சூரியக் குழாய்களை எத்தனையோ மொட்டைமாடிகளில் பார்த்துவிட்ட எனக்கு, அந்த விலக்கே முதன்மை விதியாக இருந்திருக்கலாம் என்று தோன்றுவதுண்டு.

காற்றோட்டத்தில் எனக்குள்ள கவலை வேறு வகையானது. 2020 ஏப்ரலில் மத்தியப் பொதுப்பணித் துறை கொரோனாவுக்கான குளிரூட்டல் வழிகாட்டுதலை வெளியிட்ட காலத்தில் வெளிக்காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தடுப்புகளான டேம்பர்களைத் திறந்துவிட்டார்கள், அது சரியே. அப்போது கையால் திறந்தவை சில இடங்களில் இன்றும் அப்படியே கிடக்கின்றன. வேறு சில இடங்களில் மின்கட்டணத்தைப் பார்த்துப் பயந்து முற்றாக மூடிவிட்டார்கள். முதலாவது வீண்செலவு, இரண்டாவது ஆபத்து. புழுக்கமான நாளில் சென்னையின் வெளிக்காற்று ஒவ்வொரு ஆயிரம் சி.எஃப்.எம்.முக்கும் (நிமிடத்துக்கு ஆயிரம் கன அடிக்கும்) ஏறத்தாழ ஆறு டன் குளிர்ச்சியைக் கேட்கும் என்பது உண்மை. அதற்காக, இருமிக்கொண்டிருப்பவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்கும் புறநோயாளர் கூடத்தில் வெளிக்காற்றைக் குறைப்பது காசநோய் நிறைந்த நாட்டில் செய்யத் தகாத சிக்கனம். கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு சென்சார் வைத்து, காலையில் கூட்டம் நிறைந்திருக்கும்போது டேம்பர் தானாக விரியவும், மாலையில் வெறிச்சோடியபின் சுருங்கவும் செய்யலாம். வெளியேறும் குளிர்காற்றிலிருந்து குளிர்ச்சியை மீட்கும் சுழல் சக்கரங்களை நிர்வாகப் பகுதிக்கும் பொதுக் கூடங்களுக்கும் தாராளமாகப் போடலாம். தனிமை வார்டுகளுக்கும் அறுவை அரங்குகளுக்கும் கூடாது, ஏனெனில் வெளியேறும் காற்று சிறிதளவு உள்வரும் காற்றோடு கலக்கும். இரு காற்றும் கலக்காமல், மூடிய குழாயில் ஓடும் நீர் வழியே குளிர்ச்சியை மீட்கும் காயில் முறையே அங்கு ஏற்றது.

2000-க்குப் பிறகு கட்டிய பல மருத்துவமனைகளின் சில்லர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆர்-22 வாயுவில் ஓடுபவற்றுக்கு, மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2030-உடன் அந்த வாயுவின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோவதால், மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எப்படியும் பிளான்ட் ரூமைப் பிரிக்கப்போகும் அந்த நேரத்தில் வெந்நீரையும் அரங்குகளின் மறுசூட்டையும் ஒரே வரைபடத்தில், ஒரே ஆலோசகரின் பொறுப்பில், ஒரே டெண்டராக வையுங்கள். ஒப்பீட்டுத் தாளில் வாங்கும் விலைக்குப் பக்கத்தில் பதினைந்து ஆண்டு மின்சாரம், டீசல், தண்ணீர்ச் செலவையும் போடச் சொல்லுங்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் தலைமைப் பொறியாளரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: அறுவை அரங்கு ஹீட்டர்கள் நாளைக்கு எத்தனை யூனிட் இழுக்கின்றன, பாய்லர் எத்தனை லிட்டர் டீசலில் எத்தனை லிட்டர் வெந்நீர் தருகிறது, கூலிங் டவருக்கு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது. அவரிடம் பதில் இல்லையென்றால் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், மீட்டர் வாங்க ஒப்புதல் கொடுங்கள். அரங்குகளின் இரவு நிலையை அமைக்கத் தனியாக நாள் ஒதுக்க வேண்டியதில்லை. ஃபில்டர் மாற்றவும் காற்றோட்டச் சோதனைக்காகவும் அரங்குகளை எப்படியும் மூடுகிறீர்கள். சோதனைக்கு வருபவர்கள் அளவுக் கருவிகளோடு உள்ளே இருக்கும்போதே வி.எஃப்.டி.யைப் படிப்படியாகத் தாழ்த்தி, எந்த ஹெர்ட்ஸில் அழுத்த வேறுபாடு 2.5 பாஸ்கல் என்ற கீழ்வரம்பைத் தொடுகிறது என்று ஒவ்வோர் அரங்குக்கும் குறித்து, அதற்குச் சற்று மேலே வரம்பை வைத்து, அந்தத் தாளை ஏ.எச்.யூ. அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் குளிரூட்டல் பராமரிப்பில் பணிபுரியும் ஒரு பொறியாளர்,
சென்னை.